ஓட ஓட இறுகும் நட்டு

அந்தக் காரின் நான்கு சக்கரங்களையும் கழற்றி மாட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், நேரம் பார்த்துச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். எனக்கு அந்தப் புத்தி உண்டு.

திண்டிவனத்தில் பைபாஸை ஒட்டி எனக்கு ஒரு லாரிப் பட்டறை இருக்கிறது. ஆக்ஸில், ஹப், பிரேக் என்று சக்கரத்தைச் சுற்றியுள்ள வேலை எல்லாம் செய்வேன். என்ஜின் பக்கம் போகமாட்டேன். இருபத்தைந்து வருஷமாகச் சக்கரம் கழற்றி மாட்டுகிறேன். நான் முடுக்கிய சக்கரம் வழியில் கழன்றுவிட்டதென்று ஒரு டிரைவர்கூட என் வாசலில் வந்து நின்றதில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். அக்காவைக் கேட்டால் வேறு அளவு சொல்வாள்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் கட்டை விரலில் அடித்துக்கொள்ளும் ரகம். ஆனால் எந்த ஆணியை எந்த ராஜா காலத்தில் அடித்தார்கள் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு நாள் புதுச்சேரியில் ஒரு டாக்டர் வீட்டு கார் ஷெட்டிலிருந்து பழைய பிரிட்டிஷ் பந்தயக் கார் ஒன்றை வாங்கி, அதை லாரியில் ஏற்றி, என் பட்டறையில் கொண்டுவந்து இறக்கினார். விழுப்புரத்தில் அவர் வீட்டில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடம் கிடையாது.

பார்க்க அழகான வண்டிதான், பொய் சொல்லக் கூடாது. இரண்டு பேர்தான் உட்காரலாம். வண்டியில் பாதி நீளம் பானெட்டே. பானெட் திறந்துகொள்ளாமல் இருக்க அதன் குறுக்கே தோல் வாரால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கதவின் மேல்விளிம்பை உள்பக்கமாக வளைத்து வெட்டியிருந்தார்கள். வளைவில் வேகமாகத் திருப்பும்போது ஓட்டுகிறவரின் முழங்கை வெளியே போக வேண்டுமாம். முன் கண்ணாடியை மடக்கிப் படுக்கவைக்கலாம். பெட்ரோல் டேங்கைப் பலகை மாதிரி முதுகில் சுமந்துகொண்டு நின்றது. தகரத்துக்கு உள்ளே பார்த்தால் எலும்புக்கூடு முழுக்க மரம்.

"கட்டில் செய்யற ஆசாரி கார் செஞ்சாரா மாமா?" என்று கேட்டேன்.

"சிரிக்காத மச்சான். ரோடு குலுக்கும்போது இரும்பு வெடிக்கும், மரம் நெளிஞ்சு குடுக்கும். இத வரைஞ்சவன் இன்ஜினியர் மட்டும் இல்ல, தையக்காரன். ஆளுக்கு அளவெடுத்துத் தெச்சிருக்கான்."

அதற்குப் பிறகு ஆறு மாதம், ஒவ்வொரு சனி ஞாயிறும், அந்த வண்டியின் வரலாறு என் பட்டறையில் ஓடியது. நான் கைவேலையாக இருப்பேன். அவர் கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். சாதாரண வீட்டுக் காரின் என்ஜினை எடுத்து, பளுவைக் குறைத்து, வெள்ளைக்காரர்கள் இதைப் பந்தயத்துக்கு ஆக்கினார்களாம். என்ஜின் சின்னது. நேர் ரோட்டில் பெரிய கார்கள் இதை முந்திவிடும். வளைவு வந்தால் இது உள்ளே புகுந்து முந்திவிடும். போர் முடிந்த பிறகு இங்கிலாந்தில் சும்மா கிடந்த விமானத் தளங்களில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்துப் பந்தயம் விட்டார்களாம். அதே மாதிரிதான் நம்மூரில், சென்னைப் பக்கம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்திலும். இந்த வண்டி கப்பலில் சென்னைக்கு வந்து, கை மாறி, சோழவரத்தில் ஓடியது என்று மாமா அடித்துச் சொன்னார்.

அதற்குச் சாட்சியாக டாக்டர் வீட்டு ஆல்பம் ஒன்றையும் வாங்கி வந்திருந்தார். ஒரு படத்தில் இதே வண்டி, பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் எண், உள்ளே கண்ணாடி மாட்டிய ஒருவர் பாதிச் சிரிப்புடன். அடுத்த படத்தில் வண்டி வைக்கோல் கட்டுக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. உள்ளே ஆள் இல்லை. அன்று அக்காவும் வந்திருந்தாள்.

"ஓட்டினவரு இன்னா ஆனாரு?" என்று கேட்டாள்.

மாமா பக்கத்தைத் திருப்பினார். அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து அக்கா அந்த வண்டியின் பக்கத்தில் வரவே மாட்டாள்.

சக்கரத்தைப் பற்றியும் மாமா சொன்னார். அதைத்தான் நான் காதில் வாங்கவில்லை. அந்த வண்டிக்கு சைக்கிள் போலக் கம்பிச் சக்கரங்கள். லாரிச் சக்கரத்தில் சுற்றிலும் நட்டுகள் இருக்கும். இதில் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, இரண்டு பக்கமும் காது நீட்டிக்கொண்டு.

"பந்தயத்துல சக்கரம் மாத்த ஸ்பானர் தேடிக்கினு இருக்க முடியுமா? செம்புச் சுத்தியலால காதுல ரெண்டு போடு, கழண்டுரும். திருப்பி மாட்டி ரெண்டு போடு, அவ்ளோதான். வண்டி ஓட ஓட அது தானா இறுகிக்கும். அப்படி மரை வெட்டியிருக்கான் மச்சான்!"

நான் அப்போது ஒரு பிரேக் பின்னை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தேன். தானாக இறுகுமாம், தானாகக் கழுவிக்கொள்ளுமாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் கதைகளில் எது நிஜம், எது ஜிகினா என்று பிரிக்கும் வேலையை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

மாமா பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிருந்த வாரத்தில், கிரீஸ் மாற்றுவதற்காக, சக்கரம் உட்காரும் நான்கு ஹப்புகளையும் கழற்றினேன். கழற்றித் துடைத்து வரிசையாகத் தரையில் வைத்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இடப் பக்கத்து ஹப்புகளில் சாதாரண மரை. வலப் பக்கத்து ஹப்புகளில் லெஃப்ட் மரை, அதாவது எதிர்ப்பக்கம் திருகினால் இறுகும் மரை. நான் தொழில் பழகிய பழைய லாரிகளில் இதற்கு நேர்மாறு. இடப் பக்கச் சக்கரத்துக்கு லெஃப்ட் மரை, வலப் பக்கத்துக்குச் சாதாரண மரை. என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சைக்கிள் பெடலில்கூட அப்படித்தான் இருக்கும், வேண்டுமானால் பாருங்கள்.

எந்தப் பயலோ மாற்றிப் போட்டிருக்கிறான் என்று தோன்றியது. முகம் தெரியாத புதுச்சேரி மெக்கானிக் ஒருவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நட்டின் மேல் ஏதோ ஆங்கில எழுத்துகள் இருந்த தடம் தெரிந்தது. பல வருஷச் சுத்தியல் அடியில் தேய்ந்து மழுங்கியிருந்தன. மாமாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சக்கரத்தைப் பற்றி வரலாற்று வாத்தியாரிடம் கேட்பதா? இடப் பக்க ஹப்புகளை நட்டோடு வலத்துக்கும், வலப் பக்க ஹப்புகளை இடத்துக்கும் மாற்றிப் பூட்டினேன். வேலை முடிந்து கை கழுவும்போது மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஓமந்தூர் ரோட்டில் இரண்டு முறை வெள்ளோட்டம் விட்டோம். இரண்டு முறையும் திரும்பி வந்து பார்த்தபோது நட்டுகள் கொஞ்சம் இளகியிருந்தன. புது கிரீஸ், பழைய மரை, அமரும்வரை அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னும் பலமாக அடித்தேன்.

மாமாவின் கல்லூரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் கூடுவதாக ஏற்பாடு. அவர்கள் வரும்போது வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம்வரை அவரே ஓட்டுவார். சாமான் பையுடன் நான் பைக்கில் பின்னால் வருவேன். அன்று சகுனம் எல்லாம் நன்றாகவே இருந்தது. காலைப் பூசை முடிந்து மாதா கோயில் சாமியாரே பட்டறைக்கு வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். எதிர் டீக்கடைக்காரர் அவர் பங்குக்கு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. மாமா முன் கண்ணாடியை மடக்கிப் படுக்கவைத்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடியை முந்தின வாரமே கழற்றிவிட்டார். பந்தய வண்டிக்குப் பின்னால் பார்க்கும் வேலை இல்லையாம்.

அக்கா மட்டும் ஏற மறுத்தாள். "நான் வர்ல. அந்த போட்டோவ பாத்ததுலேர்ந்து எனக்கு இந்த வண்டியவே புடிக்கல."

மாமா கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் நான்தான் போய் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன். "நான் முடுக்கின சக்கரம்க்கா. ஒன் வீட்டுக்காரர நம்பாத, என்ன நம்பு. ஜல்தியா ஏறு."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள்.

கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எல்லார் கையிலும் போன். மாமாவுக்குக் குஷி பிடித்துவிட்டது. சோழவரத்தில் ஆரம்பித்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றிக்கொண்டிருந்தாள். பயம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நான் சும்மா இருக்காமல் முன் இடச் சக்கரத்தின் நட்டைத் தொட்டேன்.

நட்டு கையோடு திரும்பியது. சுத்தியல்கூடத் தேவைப்படவில்லை. வலப் பக்கம் போனேன், அதுவும் திரும்பியது. பின்னால் இருந்த இரண்டும் அப்படியே. அப்போதுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. ஓட ஓடத் தானாக இறுகும்படி மரை வெட்டியிருக்கிறான். நான் அதை இடம் மாற்றிவிட்டேன். இப்போது ஓட ஓடக் கழலும். சுற்றிலும் பல நட்டு இருக்கும் லாரிச் சக்கரத்துக்கு ஒரு கணக்கு. நடுவில் ஒற்றை நட்டு இருக்கும் இதற்கு வேறு கணக்கு. புதுச்சேரிக்காரன் சரியாகத்தான் போட்டிருந்தான்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வண்டி அங்கேயே நிற்கும், ஹப் மாற்ற அரை நாள் ஆகும், கல்லூரி வாசல் காலியாக இருக்கும். அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. அந்தக் கூட்டத்தின் நடுவில், போன் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் முன்னால், மாமா என்னைப் பார்த்துச் சிரிப்பார். அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. முந்தின நாள்கூட, "மெதுவா மச்சான், இது லாரி இல்ல" என்று சொல்லியிருந்தார். சக்கரத்தில் என்னை ஒருத்தர் திருத்துவதா?

பையிலிருந்து சுத்தியலை எடுத்து நான்கு நட்டையும் சுற்றிவந்து அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பத்து அடியாவது இருக்கும்.

"இன்னா மச்சான்?" என்று மாமா கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மாமா. சும்மா பாத்தேன்."

இதுவரை வந்த தூரத்தில் கையால் திருப்பும் அளவுக்குக் கழன்றிருக்கிறது. இனி போக வேண்டியது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்தக் கணக்கு எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்துதான், "மெதுவா போங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

அவர் மெதுவாகத்தான் போனார், விக்கிரவாண்டிவரை. நான் பின்னாலேயே முன் இடச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். டோல்கேட்டில் நிற்பார்கள், அங்கே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். வெட்கம் போனால் போகட்டும். ஆனால் பைக்குகளுக்கு ஓரத்தில் தனி வழி. நான் அதில் நுழைந்து வெளியே வந்து, தாண்டி ஓரமாக நின்று காத்திருந்தேன். வண்டியைக் கண்டதும் கையை உயர்த்தினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து மாமாவும் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார். கடந்து போகும்போது பார்த்தேன், சக்கரம் தலையை ஆட்டியது.

பைக்கை முறுக்கினேன். ஹாரனை அழுத்திப் பிடித்தபடி நெருங்கினேன். அக்கா திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னாள். மாமா முகத்தைத் திருப்பாமல் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த நிமிஷம் அந்தச் சின்ன என்ஜின் உறுமியது. எனக்கு முதலில் புரியவில்லை. இடப் பக்கமாக ஏறி அவர்களுக்குச் சமமாக வந்தேன்.

"நிறுத்துங்க! சக்கரம்! சக்கரம்!" என்று கத்தினேன்.

முன் கண்ணாடி இல்லாத வண்டியில் காற்று இரைச்சல்தான் கேட்டிருக்கும். மாமா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "வா மச்சான், வா!" என்று வாயசைத்தது தெரிந்தது. நான் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். ஆறு மாதமாகப் பேசிப் பேசி, மனுஷர் சோழவரத்திலேயே இருந்தார். அக்கா, அந்த வண்டியைப் பிடிக்கவே பிடிக்காத என் அக்கா, தலைமுடி பறக்கக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஹாரன் அடிக்க அடிக்க அவர் வேகமாகப் போனார். நான் நெருங்க நெருங்க அவர் மிதித்தார். என் கண்ணெதிரே சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி விரிந்து சுருங்கியது. முண்டியம்பாக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே கரும்பு டிராக்டர்கள் ரோட்டில் ஏறும், குறுக்கே திரும்பும். அந்த வேகத்தில் அங்கே போய்ச் சேர்ந்தால் முடிந்தது. நான் துரத்தினால் அவர் நிற்கமாட்டார் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. நான் விழுந்தால் நிற்பார்.

வேகத்தைக் குறைத்தேன். அக்கா இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்து மண்ணில் பைக்கை இறக்கி, அப்படியே சாய்த்து விழுந்தேன். விழுவது போல நடிக்கத்தான் நினைத்தேன். முழங்கைத் தோல் நிஜமாகவே உரிந்து போனது. எழாமல் கிடந்தேன். கிடந்தபடியே பார்த்தேன். அக்கா மாமாவின் தோளைப் போட்டு உலுக்கினாள். வண்டி வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது. கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் முன் இடச் சக்கரம் வண்டியை விட்டுத் தனியாகக் கிளம்பியது. யாரோ ஓட்டிப் போவது போல நேராக உருண்டு போய், வண்டியை முந்தி, கரும்புக் கொல்லைக்குள் இறங்கியது. வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்து, தீப்பொறி பறக்கத் தேய்ந்து, சென்டர் மீடியனில் இடித்து நின்றது.

மாமாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அக்காவுக்கு உதடு கிழிந்தது. அவ்வளவுதான். அவள் மாமாவைக்கூடப் பார்க்காமல், வாயில் ரத்தத்தோடு என்னிடம்தான் ஓடிவந்தாள். "தம்பி, டேய் தம்பி" என்று என் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தேன்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டே மாமா அந்த நட்டின் சிறப்பைக் கட்டுப் போடுகிறவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "எவனோ ஹப்ப மாத்திப் போட்டிருக்கான்" என்றார்.

"நான்தான் மாமா மாத்தினேன்" என்றேன். "லாரிக் கணக்குல மாத்திட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, நான் பயந்த அந்தச் சிரிப்பைச் சிரித்தார். அதில் கேலி எதுவும் இல்லை. "இத எழுதி வெக்கணும் மச்சான். இந்த வண்டியோட சரித்திரத்துல இதுவும் சேரணும்" என்றார். அவ்வளவுதான். இதற்குத்தான் நான் கூட்டேரிப்பட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. உதட்டில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவை எக்ஸ்ரேக்கு அழைத்துப் போன பிறகு கேட்டாள்.

"டீக்கடைல சுத்தியல எடுத்துக்கினு சுத்தி சுத்தி அடிச்சியே, அது எதுக்குடா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒன்று தயாராகவும் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"அங்கயே தெரிஞ்சிடுச்சிக்கா."

"தெரிஞ்சும் என்ன ஏத்தி அனுப்பின."

அது கேள்வி இல்லை. அவள் பஞ்சை எடுத்துப் பார்த்தாள், மறுபக்கம் மடித்துத் திரும்ப உதட்டில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சொந்தக்காரர்களிடம் பேசுகிறாள். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் அந்தக் கதையை அவளே எடுக்கிறாள். தம்பி எங்களுக்காக ஓடுகிற பைக்கிலிருந்து விழுந்தான் என்கிறாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கூட்டேரிப்பட்டு வரும்போது, "டீ குடிச்சோம், கெளம்பினோம்" என்று சொல்லிவிட்டு அப்படியே தாண்டிப் போகிறாள். மாமாவிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஒரு தரம், அவள் எதிரிலேயே, "அது அப்படி இல்ல" என்று நான் ஆரம்பித்தேன். "நீ சாப்புடு" என்று இலையில் சோற்றைத் தள்ளிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

இப்போதும் மாதம் ஒரு முறை விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் என் வீட்டுக்கு வருகிறாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வீடு இரண்டு கிலோமீட்டர் இருக்கும். முன்பெல்லாம் போன் செய்து, "வண்டிய எடுத்துக்கினு வாடா" என்பாள். இப்போது நானாகவே போய் நிற்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், பையை வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள், வீட்டில் எல்லாரையும் விசாரிக்கிறாள். பையை பைக்கில் மாட்டிவிட்டு, "நீ போய்க்கினு இரு, நான் வர்றேன்" என்று வெயிலில் நடக்க ஆரம்பிக்கிறாள். நானும் பைக்கைத் தள்ளிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடக்கிறேன்.